யானை மிதித்த வயலும் மகளின் படிப்பும்

பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை இரண்டே வாசல்களைப் பற்றிக் கேட்பவை. ஒன்று வைத்தியம், மற்றது பொறியியல். அவ்விரண்டும் அடைபட்டால் பிள்ளையின் வாழ்வே அடைபட்டுவிட்டது போலப் பெற்றோர் மனங் கலங்குவர். சென்ற கிழமை வவுனியா மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. எழுதிய தாயாரின் பெயரையும் ஊரையும் வெளியிடாது, விஷயத்தை மட்டும் நேயர்களுக்குச் சொல்வதற்கு அவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டேன்.

அவருடைய மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் தேறியிருக்கின்றாள். வைத்திய பீடத்துக்கு இசற் புள்ளி போதவில்லை. இது இரண்டாம் முறை. உயிரியல் விஞ்ஞானம் படிக்க இடங் கிடைக்கக்கூடும். தகப்பனார், "மூன்றாம் முறையும் எழுது" என்கின்றார். மகளோ, விலங்கியல் படித்துக் காட்டு விலங்குகளை ஆராயும் வேலைக்கே போவேன் என்று ஒரே பிடியாக நிற்கின்றாள். இதுவரையில் வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குத்தான். ஆனால் அத்தகப்பனார் ஒரு கமக்காரர். பெரும்போக வெள்ளாமை கதிர் முற்றிய வேளையில் காட்டு யானைகள் இறங்கி, ஓரிரவில் இரண்டு ஏக்கரை மிதித்துவிட்டுப் போயினவாம். "யானையைக் கலைக்க ஆளில்லை. அதைப் படிக்க என்ர பிள்ளையை அனுப்பிறதோ?" என்று அவர் கேட்டிருக்கின்றார். தாயார் அக்கேள்வியை அப்படியே எழுதி, "அக்கா, இதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல?" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

பாடசாலையில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு இக்கேள்வி சுருக்கென்று தைத்தது. தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டினேன். இரத்தவோட்டத்தைக் கரும்பலகையில் நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினேன். மாணவிகள் வைத்திய பீடம் போனபோது பெருமைப்பட்டேன். பாடசாலை மதிலுக்கு அப்பால் நின்ற வேப்பமரத்தில் எத்தனை வகைப் பறவைகள் கூடு கட்டின என்று ஒருநாளாவது கேட்டதில்லை. அந்நாளில் எங்களுக்கு விலங்கியல் என்பது வைத்தியத்துக்குப் போகும் பாலம். பாலத்தில் எவரும் குடியிருப்பதில்லையே!

என் கண்ணைத் திறந்தவள் ஒரு மாணவிதான். உயர்தர வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை வில்பத்துவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காலை முழுவதும் அலைந்து, வில்லொன்றின் ஓரத்தில் ஒரு சிறுத்தையைக் கண்டுவிட்டோம். ஜீப் வண்டியிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்திருக்க, ஒருத்தி மட்டும் மறுபக்கம் குனிந்து எதையோ உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். சாணவண்டு ஒன்று யானை இலத்தியை உருண்டையாக்கிப் பின்னங்கால்களால் உருட்டிச் செல்கின்றது, அதைத்தான் பார்த்தாள். "ரீச்சர், இந்த வண்டு இல்லையென்றால் இந்தக் காடெல்லாம் இலத்தியாய்க் கிடக்குமோ?" என்றாள். நான் சிரித்தேன், மற்றப் பிள்ளைகளுஞ் சிரித்தார்கள். பின்னாளில்தான் உணர்ந்தேன்: வனவிலங்கு உயிரியல் என்பது முழுக்க முழுக்க அவள் கேட்ட கேள்வியைப் போன்றது. விலங்கைப் பார்ப்பதன்று அது. விலங்கு இல்லாவிட்டால் என்னாகும், இருந்தால் என்னாகும், எத்தனை இருந்தால் போதும் என்று கேட்பது.

பலர் இதனை மிருக வைத்தியத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கின்றனர். மிருக வைத்தியம் வேறு பீடம், வேறு படிப்பு. அதற்குப் பேராதனை செல்லவேண்டும். காயப்பட்ட யானைக்கு மருந்து கட்டுபவர் மிருக வைத்தியர். அந்த யானை ஏன் அவ்விடத்துக்கு வந்தது, அதன் கூட்டம் எங்கே, வருடத்தில் எத்தனை மாதம் எந்தப் புல்லை உண்கின்றது என்று கண்டறிபவர் உயிரியலாளர். இருவரும் கூடி வேலை செய்யும் இடங்களும் உண்டு. 1995-இல் உடவளவையில் தொடங்கப்பெற்ற யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் அப்படிப்பட்டது. தாயை இழந்த குட்டிகளைப் பால் கொடுத்து வளர்த்து, மனிதரோடு மிகுதியாக ஒட்டவிடாமல் திரும்பவும் காட்டிலேயே விடுகின்றார்கள். விட்ட பின் அவை காட்டு யானைகளோடு சேர்கின்றனவா என்று பின்தொடர்ந்து பார்ப்பதும் ஒரு படிப்புத்தான்.

இனிப் படிக்கும் வழியைச் சொல்கின்றேன். நம் நாட்டில் இளமாணி வகுப்பில் விலங்கியலே பெரும்பாலும் இத்துறையின் வாயில். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களில் அதனைப் படிக்கலாம். மூன்று வருடத்திற் பொதுப் பட்டமும், நான்கு வருடத்திற் சிறப்புப் பட்டமும் பெறுவது வழக்கமாயிருந்து வருகின்றது. ஆராய்ச்சியை நாடும் பிள்ளை நான்காம் வருடத்தை விட்டுவிடலாகாது. அவ்வருடத்திலேதான் தானாக ஒரு கேள்வியை எடுத்து, தானாகக் களத்திற் சென்று, தானாக எழுதி முடிக்கும் பயிற்சி கிடைக்கின்றது. அனுமதி கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் இருக்கின்றது. வனவிலங்கு உயிரியல் என்ற பெயரிலேயே முதுமாணி வகுப்பு வேண்டுவோர் அயலிலே இந்தியாவை நோக்கலாம். டேராடூனில் 1982-இல் நிறுவப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம் உளது. தமிழ்நாட்டிலே மயிலாடுதுறைக்கு அண்மையில் மன்னம்பந்தலிலுள்ள ஏ.வி.சி. கல்லூரியும் இத்துறைக்குப் பெயர் பெற்றது.

மொழி பற்றிய ஒரு சங்கடத்தை மறைக்க மாட்டேன். உயர்தரம் வரை தமிழிற் படித்த பிள்ளை, விஞ்ஞான பீடத்தில் முதல் நாளே ஆங்கில விரிவுரையைக் கேட்க நேரும். "கலன்" என்றும் "இழையம்" என்றும் நாக்கிலே பழகியவள் திடீரென்று ஊமையாகி விடுகின்றாள். முதலாம் வருடத்தில் அழுத பிள்ளைகள் பலரை அறிவேன். அவர்களுள் மூன்றாம் வருடத்தில் வகுப்புக்கு முதலாக வந்தவர்களும் உண்டு. பரீட்சைப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரையுள்ள மாதங்களை வீணாக்காமல், தினமும் ஒரு பக்கம் ஆங்கில விஞ்ஞான நூலைச் சத்தமிட்டு வாசித்தாற் போதும். ஹென்றி என்பவர் எழுதி 1955-இல் வெளிவந்த இலங்கைப் பறவைகளுக்கான கையேடு வாசிகசாலையிற் கிடைத்தால் அதையே எடுத்து வாசிக்கலாம். ஆங்கிலமும் வரும், பறவையும் வரும்.

மற்றொரு விஷயம் கணிதம். காடு, மேடு, பறவை என்று கனவு காணும் பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றனர். இப்படிப்பின் முதுகெலும்பு புள்ளிவிபரவியல். ஒரு சிறு கணக்கைச் சொல்கின்றேன். வீட்டிலே சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் காட்டலாம். ஒரு குளத்தில் எத்தனை மீன் உண்டென்று அறியவேண்டும்; குளத்தை வற்றவிடல் ஆகாது. முதல் நாள் 50 மீன்களைப் பிடித்து, செட்டையில் ஓர் அடையாளமிட்டுத் திரும்ப விடுகின்றோம். சில நாள் கழித்து மறுபடி வலை வீசி 40 மீன் பிடிக்கின்றோம். அவற்றுள் 10 மீனில் நம் அடையாளம் இருக்கின்றது. பிடிபட்டவற்றில் நாலில் ஒரு பங்கு அடையாளம் உள்ளது. ஆகவே நாம் அடையாளமிட்ட 50 மீன்கள் குளத்து மீன்களில் நாலில் ஒரு பங்காக இருக்கவேண்டும். குளத்தில் ஏறக்குறைய 200 மீன்! இதே கணக்கைத்தான் சிறுத்தைக்கும் பயன்படுத்துகின்றார்கள். சிறுத்தையைப் பிடித்து அடையாளமிட வேண்டியதில்லை. அதன் மேனியிலுள்ள புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, நம் கைரேகையைப் போல. காட்டுப் பாதையிலே மரத்திற் கட்டிவைத்த தானியங்கிக் கமரா, அது கடந்து போகும்போது படமெடுத்துக்கொள்ளும். யானைக்குக் காதின் கிழிசலும் ஓட்டையும் அடையாளம். கணக்கிற் கவனமில்லாதவர் இருபது வருடம் காட்டில் திரிந்தாலும் கதை சொல்லலாமேயன்றி எண்ணிக்கை சொல்ல இயலாது.

இனி உத்தியோகம். பெற்றோருக்கு இதுதானே உயிர்நாடி! ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றேன்: பட்டச் சான்றிதழைக் கையிற் கொடுத்தவுடன் கதவைத் திறந்து அழைக்கும் தொழிலன்று இது. வைத்தியருக்குள்ள உறுதி இங்கில்லை. 1949-இல் அமைக்கப்பெற்ற வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நாட்டின் தேசிய வனங்களையும் சரணாலயங்களையும் பராமரிக்கின்றது. அதிலே உத்தியோகத்தர் பதவிகள் உண்டு. வெற்றிடம் வரும்போது வர்த்தமானியில் விளம்பரஞ் செய்து, போட்டிப் பரீட்சை வைத்து எடுப்பார்கள். எப்போது வரும், எத்தனை வரும் என்று சாத்திரியாரும் சொல்லமாட்டார். வனப் பாதுகாப்புத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய விலங்கியற் பூங்காத் திணைக்களம், அரும்பொருட்சாலை, கடல்சார் ஆராய்ச்சி செய்யும் நாரா நிறுவனம் என்பனவும் உள. சுங்கப் பகுதியிலே கூட அரிய உயிரினங்கள் கடத்தப்படுவதைப் பிடிக்க ஒரு பிரிவு இருக்கின்றது. நட்சத்திர ஆமையையும் கடற்குதிரையையும் இனங் காணத் தெரிந்தவர் அங்கே வேண்டாமா?

அரசாங்கத்துக்கு வெளியேயும் வேலை உண்டு. அதை நம்மவர் அதிகம் அறியார். பெரிய அணையோ நெடுஞ்சாலையோ மின்னாலையோ அமைப்பதற்கு முன், அதனாற் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு நேருமென்று மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கவேண்டுமென்பது சட்டம். அவ்வறிக்கையில் விலங்குகளின் பகுதியை எழுதுபவர் விலங்கியற் பட்டதாரி. மன்னாரிலே காற்றாலைகள் எழுந்தபோது, வலசை வரும் பறவைகளின் வழி எது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை சொல்லப் பறவையறிந்தவர் தேவைப்பட்டார். சூழலைக் காக்கும் சங்கங்கள் ஆராய்ச்சி உதவியாளரை எடுக்கின்றன. ஆனால் அவ்வேலைகள் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பணம் உள்ளவரைதான். யாலையிலும் சிகிரியாவிலும் மிரிஸ்ஸவிலும் உள்ள ஹோட்டல்கள் வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு விலங்குகளைக் காட்டி விளக்கப் படித்தவர்களை வைத்திருக்கின்றன. இவற்றுள் எதிலும் அகப்படாதவர் பட்டதாரி ஆசிரியராகின்றார். எங்கள் காலத்திற் பலர் அப்படித்தான் ஆனோம். அது தோல்வி என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆயினும் காட்டுக்குப் போக விரும்பிய பிள்ளைக்கு அது இரண்டாவது விருப்பமே என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆராய்ச்சியாளராக உயர விரும்புபவர் கலாநிதிப் பட்டம் வரை போகவேண்டும். பெரும்பாலும் புலமைப்பரிசில் பெற்றுப் பிறநாட்டுக்கும் போகவேண்டும். முப்பது வயது வரை மாணவ வாழ்க்கைதான். இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்திருத்தல் நன்று.

தாயார் கடிதத்தின் ஓரத்தில், "பெண்பிள்ளையல்லவா?" என்று இரண்டே சொல் எழுதியிருக்கின்றார். காடு, இரவு, தனிமை, பிறகு கலியாணம் என்ற நான்கு பயங்களும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. சகோதரி, களவேலை ஒருவர் தனியே செய்யும் வேலையன்று. வழிகாட்டியும் சகபாடிகளும் கூட இருப்பார்கள். நம் நாட்டுப் பெண்கள் இத்துறையில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றார்கள் என்பதற்கு ஒருவரைச் சொல்கின்றேன். ஆஷா டி வொஸ் என்னும் இலங்கைப் பெண்மணி நீலத் திமிங்கிலங்களை ஆராய்பவர். 2003-இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தபோது, இலங்கைக்கு அண்மையிலே ஆறு நீலத் திமிங்கிலங்கள் கூடியிருந்ததையும், நீரில் அவற்றின் கழிவு மிதந்ததையும் கண்டார். குளிர்கடலுக்குச் சென்றே இவை உணவு உண்ணும் என்று நூல்கள் சொல்லியிருக்க, கழிவு இங்கே மிதந்தால் உணவும் இங்கேதானே உண்டிருக்கவேண்டும்! அந்த ஓர் ஐயத்திலிருந்து தொடங்கி, நமது கடலில் வாழும் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போவதில்லை என்பதை உலகுக்கு எடுத்துரைத்தார். பெரிய கப்பல்கள் நம் தென்கரையை ஒட்டிச் சென்று அவற்றை மோதிக் கொல்கின்றன என்ற செய்தியும் இத்தகைய ஆராய்ச்சிகளால் வெளிவந்தது. 2022-இல் உலகப் பெருங் கப்பற் கம்பனியொன்று தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே விலகிச் செல்லும்படி பணித்தது. திமிங்கிலக் கழிவைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளாத ஒரு பெண்ணின் கண்ணில் எல்லாம் தொடங்கிற்று என்பது என் சாணவண்டு மாணவியை நினைவூட்டுகின்றது.

கலியாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே. படித்த பிள்ளைக்கு ஏற்ற துணை கிடைப்பது பட்டத்தின் பெயரால் அன்று. அவள் முகத்தில் இருக்கும் நிறைவால்.

இனித் தகப்பனாரின் கேள்விக்கு வருகின்றேன். அதற்காகவே இவ்வளவும் எழுதினேன். "யானையைக் கலைக்க ஆளில்லை" என்கின்றார். உண்மையில் யானையைக் கலைப்பதற்கு இந்நாட்டில் ஆள் குறைவாக இருந்ததே கிடையாது. யானை வெடி கொளுத்தினோம். நூற்றுக்கணக்கானோர் வரிசையாய் நின்று சத்தமிட்டு யானைக் கூட்டத்தைச் சரணாலயத்துக்குள் துரத்தினோம். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு மின்வேலி இழுத்தோம். ஆயினும் ஒவ்வொரு வருடமும் யானைகளும் சாகின்றன, மனிதர்களும் சாகின்றார்கள். ஏன்?

இக்கேள்வியைப் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பல வருடம் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி பூட்டிச் செய்மதி மூலம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2021-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்த நடமாட்டப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றார்கள். அதாவது யானை காட்டில், மனிதன் ஊரில் என்று நாம் மனத்திலே போட்ட கோடு நிலத்திலே இல்லை. மின்வேலிகளிற் பலவற்றை எங்கே போட்டோம்? காட்டின் நடுவிலே, ஒரு திணைக்களத்தின் நிலம் முடிந்து இன்னொரு திணைக்களத்தின் நிலம் தொடங்கும் எல்லையிலே போட்டோம். வேலிக்கு அப்பாலும் காடு, இப்பாலும் காடு. அப்பாலும் யானை, இப்பாலும் யானை. இப்பால் நின்ற யானை அன்றிரவே வயலுக்கு வந்தது. துரத்திக் கொண்டுபோய் வேலிக்குள் அடைத்த தாய் யானைகளும் குட்டிகளும் போதிய உணவின்றி மெலிந்தன. வயலை அதிகம் மேயும் தனிக் கொம்பன்களும் அலியன்களுமோ துரத்தலுக்கு அகப்படாமல் பின்னே தங்கிவிட்டன. அடிபட்டவை முன்னிலும் மூர்க்கமாயின.

அப்படியானால் என்ன செய்வது? வேலியை யானையைச் சுற்றிப் போடாமல், வயலையும் ஊரையும் சுற்றிப் போடு என்பதே ஆராய்ச்சி தந்த விடை. விதைத்தவுடன் கமக்காரர் அமைப்பே தன் வயலைச் சுற்றி மின்வேலி கட்டவேண்டும். தினமும் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடவேண்டும். வெட்டிய வயலில் எஞ்சிய தாளை யானை வந்து மேயட்டும். அடுத்த போகத்துக்கு மறுபடி கட்டுவது. தன் வயலுக்குத் தானே காவலென்றால் கமக்காரன் அறுந்த கம்பியை விடியுமுன் கட்டிவிடுவான்; அரசாங்க வேலியென்றால் உத்தியோகத்தர் வரும் வரை பார்த்திருப்பான். இது மனித சுபாவம். இதுவும் அவ்வாராய்ச்சியில் ஒரு பகுதிதான். இம்முறையை உள்ளடக்கிய தேசியச் செயற்றிட்டமொன்று, அதே பெர்னாண்டோ அவர்கள் தலைமை தாங்கிய குழுவினால் 2020-இல் அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. திட்டம் எழுதப்பட்ட வேகத்தில் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை. அதைச் சொல்ல இன்னொரு ஞாயிறு வேண்டும்.

ஆகவே, தகப்பனாருக்கு என் மறுமொழி இது: ஐயா, உங்கள் வயலை மிதித்தது யானை மாத்திரமன்று. யானையைப் படிக்காமல் வேலி போட்டவர்களின் அறியாமையும் கூடச் சேர்ந்து மிதித்தது. உங்கள் மகள் படிக்கப் போவது யானைக்குப் பரிந்து பேசுவதற்காக மட்டுமன்று.

இன்னுமொன்று. இவ்வாராய்ச்சி நடக்கும் இடங்களைக் கவனியுங்கள். வலசைப் பறவைகள் இலட்சக்கணக்கில் இறங்கும் மன்னாரும் வங்காலையும், 2015-இல் தேசிய வனமாக்கப்பட்ட சுண்டிக்குளமும், காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவும், கடற்பசு என்று நாம் சொல்லும் ஆவுளியா வாழும் மன்னார்க் குடாவும், யானை இறங்கும் வவுனியாவும் முல்லைத்தீவும் மட்டக்களப்பின் படுவான்கரையும் தமிழ் பேசும் மக்கள் வாழும் இடங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்துக் கலாநிதி சம்பத் செனவிரத்னவும் அவர் குழுவினரும் மன்னாரிலே கடற்காகங்களுக்குச் சிறு கருவி பொருத்திவிட, அவை 2021-இல் இமயத்தின் மேற்கே சுற்றி ருஷ்யாவின் வட துருவப் பிரதேசம் வரை சென்றதை உலகம் அறிந்தது. மன்னாரிற் பிறந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மலையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையேயுள்ள சிறு காடுகளிற் சிறுத்தை வாழ்கின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியை அண்டிய தோட்டமொன்றில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகிக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. உடவளவைக்குக் கொண்டு சென்று வைத்தியம் பார்த்தும் சில தினங்களில் இறந்துவிட்டது. கண்ணி வைத்தவர் சிறுத்தைக்கு வைக்கவில்லை. காட்டுப் பன்றிக்கு வைப்பதே அங்கு வழக்கம். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறாமல் எப்படிக் காப்பது என்று அம்மக்களோடு லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்கள் மொழியிலே பேசக்கூடிய உயிரியலாளர் எத்தனை பேர்? சட்டம் 1937 முதலே இருக்கின்றது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்கு ஆட்கள் உண்டு. பன்றியின் வழக்கத்தையும் சிறுத்தையின் வழக்கத்தையும் தமிழில் எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆட்கள் வேண்டும். தகுதியுள்ள ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இத்துறையில் இடமில்லை என்று எனக்கு எவரும் சொல்ல வேண்டாம். சம்பளமுள்ள இடம் இன்னும் போதவில்லை என்றால், அதை ஏற்றுக்கொள்வேன்.

மூன்றாம் முறை பரீட்சை எழுதுவதா என்பதையும் கேட்டிருக்கின்றீர்கள். வைத்தியம்தான் வேண்டுமென்று பிள்ளை தன் வாயாற் சொன்னால் எழுதட்டும். அவள் சொல்லவில்லையே! பிறர் விருப்பத்துக்காக மூன்றாம் முறை எழுதிய பிள்ளைகள் பரீட்சை மண்டபத்திலிருந்து வெளிவரும் முகத்தை மேற்பார்வையாளராக இருந்து நான் பார்த்திருக்கின்றேன். அதற்கு மேல் எழுத மனமில்லை.

ஒரு சமரசம் சொல்கின்றேன்; தகப்பனாருக்கும் மகளுக்கும் சேர்த்து. அனுமதிக் கடிதம் வருமுன் சில மாதங்கள் இருக்கும். அதுவரை மகள் ஒரு கொப்பி போடட்டும். யானை வந்த திகதி, நேரம், எத்திசையிலிருந்து வந்தது, தனியாகவா கூட்டமாகவா, எதை உண்டது, எதை மிதித்துவிட்டு உண்ணாமற் போனது, அன்று நிலவா இருட்டா, வேலி எங்கே அறுந்தது என்று ஊரிலுள்ள எல்லாக் கமக்காரரிடமும் விசாரித்து எழுதட்டும். காட்டைப் பற்றிப் பட்டதாரிகளைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். எழுதி வைப்பவர்தான் இல்லை. அப்படி ஒரு போகம் முழுவதும் எழுதிய கொப்பியோடு ஒரு மாணவி விரிவுரையாளர் முன் போய் நின்றால், அவளை அவர் மறக்கமாட்டார். எழுதுவது சலித்துவிட்டால், இந்தப் படிப்பு தனக்கு வேண்டாமென்று அவளே வந்து சொல்லிவிடுவாள்.

அடுத்த முறை யானை வந்து போனதும், விடிந்து வெளிச்சம் வந்த பின், ஊரார் நாலுபேரைக் கூட்டிக்கொண்டு, யானை முற்றாக விலகிவிட்டதை அறிந்த பிறகே, தகப்பனாரும் மகளும் வயலுக்குப் போகவேண்டும். ஈர மண்ணிலே முன்னங்கால் பதிந்த தடம் தெளிவாய் இருக்கும். அது பின்னங்கால் தடத்தைவிட வட்டமாக இருக்கும். ஒரு கயிற்றை எடுத்துத் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து அளக்கவேண்டும். அந்தச் சுற்றளவை இரண்டாற் பெருக்கினால், உங்கள் நெல்லைத் தின்ற யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். கயிற்றின் ஒரு முனையைத் தகப்பனார் பிடிக்கட்டும். கணக்கை மகள் எழுதட்டும். எவ்வளவு வந்ததென்று எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.